2050 வரைக்கும் திட்டம் போட்டு வைத்திருக்கிறேன், நடக்குமா?

கேள்வி, 12.9.2025

வயது 23. மெக்கானிக்கல் முடித்துவிட்டு திருச்சியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சப்போர்ட் வேலை. 2050 வரைக்கும் எக்செல்லில் திட்டம் போட்டிருக்கிறேன். எந்த வருடம் என்ன பதவி, என்ன சம்பளம், எப்போது வெளிநாடு, எப்போது வீடு, எல்லாம். அப்பா பார்த்துச் சிரிக்கிறார். 'குரூப் 4 எழுது, அதற்கப்புறம் திட்டமே தேவைப்படாது' என்கிறார். ஆனால் இன்டர்வியூவில் மட்டும் எல்லோரும் '5 வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்' என்று கேட்கிறார்கள். இப்படி நீண்ட காலத்துக்குத் திட்டம் போட்டு உண்மையிலேயே யாருக்காவது பலன் கிடைத்ததா? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம்.

பதில், 13.9.2025, காலை

அறிவுரை வேண்டாம் என்றது பிடித்தது. நடுவில் எங்காவது அறிவுரை ஒழுகினால் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

எங்கள் வீட்டுத் திட்டம் 80 பக்கக் கோடு போட்ட நோட்டில் இருந்தது. ஊர் கோவில்பட்டி. அப்பா மில் தொழிலாளி. மில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஒரு வருடம், 1986 என்று ஞாபகம், கையில் வேலை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து அந்த நோட்டை எழுதினார். அக்காவுக்கு அப்போது 18, எனக்கு 12. 'பெரியவள்: டீச்சர் டிரெயினிங். சின்னவன்: பி.காம்., டைப், ஷார்ட்ஹேண்ட், குரூப் 4.' பக்கத்திலேயே வருடங்கள். கீழே தபால் ஆபீஸ் ஆர்.டி. எப்போது முதிர்கிறது, அது யார் கல்யாணத்துக்கு என்பதுவரை கணக்கு.

இந்த நோட்டில் பணம் சம்பந்தப்பட்டது முக்கால்வாசி நடந்தது. வேலை சம்பந்தப்பட்டது எழுதியபடி ஒரு வரிகூட நடக்கவில்லை. ஆபீஸுக்கு நேரமாகிறது, மீதியை இரவு எழுதுகிறேன்.

13.9.2025, இரவு

முதலில் அக்கா கதை. 1988இல் டிரெயினிங் முடித்தாள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு. அந்தக் காலத்தில் பதிவு மூப்புதான் எல்லாம். பரீட்சை கிடையாது, வரிசை நகர்ந்தால் வேலை. 3 வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் சீனியாரிட்டி போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் தீபாவளியை மறந்தாலும் அந்தத் தேதியை மறக்க மாட்டார்கள். ஒரு தடவை கொட்டும் மழையில் தூத்துக்குடி பஸ்ஸில் நின்றுகொண்டே போன அப்பா, பதிவு அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வேட்டி மடிப்பில் வைத்திருந்தார். சட்டை, வேட்டி, ஆள் எல்லாம் நனைந்து, அட்டை மட்டும் நனையாமல் வந்தது.

அப்பா நோட்டில் அக்காவுக்கு வேலை கிடைக்கும் வருடம் 1992. கிடைத்தது 2007. அதுவரை 19 வருடம் காத்திருந்தாள்.

சரி, கிடைத்துவிட்டதே, திட்டம் பலித்துவிட்டதே என்பீர்கள். அப்பா டீச்சர் வேலையைத் தேர்ந்தெடுத்ததே பென்ஷனுக்காகத்தான். மில்லில் இல்லாதது அது ஒன்றுதான். ஆனால் தமிழ்நாட்டில் 1.4.2003க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்து, அரசும் அதே அளவு போடும் புதுத் திட்டத்தில்தான் அவளைச் சேர்த்தார்கள். கிளம்பும்போது எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தாளோ, அந்த ஊரையே அவள் போய்ச் சேருவதற்குள் மாற்றிவிட்டார்கள்.

14.9.2025

என் கதை. இது கொஞ்சம் நீளம்.

17 வயதில் டைப் கிளாஸ். மாடியில் ஒரு நீள ஹால், ரெமிங்டனும் ஃபேசிட்டும் இருபதுக்குக் குறையாமல் ஒரே நேரத்தில் அடிக்கும். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. இதையே ஒரு மாதம். சுண்டுவிரல் கட்டைகளுக்கு நடுவே சிக்கித் தோல் உரியும். ரிப்பன் மை வாசனையும், கீழே டீக்கடையில் வடை வேகும் வாசனையும் கலந்து ஒன்று வரும். இன்றைக்கும் எங்காவது வடை வாசனை வந்தால் விரல் தானாக அசையும். லோயர், அப்புறம் ஹையர், நிமிடத்துக்கு 45 சொல். இங்கிலீஷ் முடித்துவிட்டுத் தமிழ். ஷார்ட்ஹேண்ட் மட்டும் எனக்கு வரவில்லை, வரவேயில்லை.

1995இலிருந்து பரீட்சை எழுத ஆரம்பித்தேன். இரண்டு தடவை மிகக் குறைந்த மதிப்பெண்ணில் போனது. 2001 கடைசியில் அரசு புதிதாக ஆள் எடுப்பதற்கே தடை போட்டது. ஆசிரியர், போலீஸ் மாதிரி சிலவற்றுக்கு விலக்கு இருந்தது. கிளார்க், டைப்பிஸ்ட் வேலைக்குக் கதவு பூட்டு. 2006 வரை.

அப்பா நோட்டில் என் பெயருக்கு எதிரே ஒரு கெடு எழுதியிருந்தார். 28 வயது. அதுவரை எழுது, கிடைக்காவிட்டால் கிடைத்த வேலைக்குப் போ. 2002இல் எனக்கு 28. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் 1,800 ரூபாய்க்குச் சேர்ந்தேன். நான் பார்த்தவரை அப்பா திட்டத்திலேயே உருப்படியான வரி அதுதான். எதைப் பிடிப்பது என்று எல்லாரும் எழுதுகிறார்கள், எப்போது விடுவது என்று யாரும் எழுதுவதில்லை. உங்கள் எக்செல்லில் அந்தக் காலம் இருக்கிறதா தம்பி?

(காலம் என்றால் நேரமில்லை, கட்டம் கட்டமாகக் கீழே இறங்குமே அது.)

14.9.2025, கொஞ்ச நேரம் கழித்து

'28 வயதில் ஆடிட்டர் ஆபீஸ், அப்புறம் என்ன ஆச்சு' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை, அங்கேயே இருக்கிறேன். ஆனால் அங்கே நடந்த எதுவும் யாருடைய நோட்டிலும் இல்லை. சேர்ந்தபோது விற்பனை வரிக் கணக்கு, பேரேடு. டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் போட்ட ஒரே ஒரு கம்ப்யூட்டர். கீபோர்டைப் பார்க்காமல் அடிக்க என் ஒருத்தனுக்குத்தான் தெரியும், அதனால் அதன் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். 1.1.2007இல் பழைய விற்பனை வரிக்குப் பதிலாக வாட் வந்தது. ஊரில் இருந்த எல்லா வியாபாரிக்கும் அது புதுசு. எனக்கும் புதுசுதான், ஆனால் நான் இரண்டு நாள் முன்னால் படித்திருந்தேன். 1.7.2017இல் ஜி.எஸ்.டி. எங்கள் ஊர்த் தீப்பெட்டிக்கு மட்டும் இரண்டு வரி, கையால் செய்தால் 5, எந்திரத்தில் செய்தால் 18. பாதி கை, பாதி எந்திரமாக ஓட்டுகிறவர்கள் 'நாங்கள் எந்தக் கணக்கு' என்று வாசலில் வந்து நின்றார்கள். 2020 ஏப்ரலில் இரண்டையும் 12 ஆக்கினார்கள். ஒவ்வொரு தடவை சட்டம் மாறும்போதும் எனக்குச் சம்பளம் கூடியது.

16.9.2025

இன்டர்வியூ கேள்வி பற்றிக் கேட்டிருந்தீர்களே, விட்டுவிட்டேன். எங்கள் ஆபீஸில் சேர வந்த பையனிடம், எங்கோ கேட்டதை வைத்து, முதலாளி அதையே கேட்டார். '5 வருடம் கழித்து எங்கே இருப்பாய்?' பையன் ஜன்னலைக் காட்டி, 'எதிர்த்த மாடியில் சார், சொந்த ஆபீஸ் போட்டிருப்பேன்' என்றான். வேலை கொடுத்தார். பையன் 4 வருடத்திலேயே எதிர்த்த மாடிக்குப் போய்விட்டான். நான் கண்ணால் பார்த்ததில் சொன்னபடி நடந்த திட்டம் இது ஒன்றுதான். எங்கள் வாடிக்கையாளர்கள் ஆறு பேரையும் கையோடு கூட்டிப் போனான். முதலாளி இப்போது யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

17.9.2025

சிலர் ஐ.டி. பற்றி எழுதுகிறார்கள். வேலை போன வருடம் என்று 2001, 2008 சொல்கிறார்கள். எனக்கு அந்த உலகம் தெரியாது, அவர்களே சொல்லட்டும்.

'அப்படியானால் டாக்டர், சி.ஏ. எல்லாம் திட்டம் இல்லாமலா படிக்கிறார்கள்' என்று ஒருவர். நியாயமான கேள்வி. வழி நீளமாகவும் படி தெளிவாகவும் இருக்கிற படிப்புக்குத் திட்டம் வேண்டும்தான். அதிலும் ஒன்று பாருங்கள். முதலாளி மகன் சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு, அதாவது ஆடிட்டரிடம் பயிற்சிக்கு, 3 வருடம் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ற மாதிரி கல்யாணப் பேச்சைக்கூட நிறுத்தி வைத்திருந்தார்கள். 2023இல் விதியை மாற்றி 2 வருடம் ஆக்கினார்கள். நல்லதுக்குத்தான், ஆனால் கல்யாண மண்டபம் கிடைக்கவில்லை.

21.9.2025

திருத்தம். அக்கா மகன் இதையெல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டான். இன்று காலை போன். ஹலோகூட இல்லை, 'என்னடா, நான் 19 வருஷம் சும்மா உட்காந்திருந்த மாதிரி எழுதி வச்சிருக்க?'

அவள் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன். ஒன்று, அவள் காத்திருக்கவில்லை. கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளை பெற்று, 1996இலிருந்து 11 வருடம் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தாள். சம்பளம் 600 ரூபாயில் ஆரம்பம். 'காத்துக்கிட்டு இருந்தது அப்பாவும் அந்த அட்டையும்தான், நான் இல்லை.' இரண்டு, விடுகிற தேதியை யாரும் எழுதுவதில்லை என்று நான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதியதற்குச் சிரித்தாள். அவளும் மச்சானும் பேசி வைத்திருந்தார்களாம், 40 வயது வரை பார்ப்பது, அப்புறம் வீட்டு முன்ரூமிலேயே பால்வாடி மாதிரி ஒன்று ஆரம்பிப்பது. கரும்பலகைகூட வாங்கி வைத்துவிட்டார்கள். ஆர்டர் வந்தபோது அவளுக்கு 39.

இது எனக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கரும்பலகையை அவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன், மாவு டிரம்மை மூடி வைத்திருப்பார்கள்.

22.9.2025

ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. 'எப்போது விடுவது என்று எழுது' என்று ஜம்பமாகச் சொன்னதை எதிர்ப் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அக்கா 38 என்று வைத்திருந்தால்?

சரி, என்னையே எடுத்துக்கொள்கிறேன். என்னோடு டைப் அடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் 2001 தடைக்குப் பிறகும் விடவில்லை. பகலில் ஜவுளிக்கடையில் பில் போடுவான், ராத்திரி படிப்பான். தடை நீங்கியதும் எழுதினான், 2008இல் இளநிலை உதவியாளர். இன்று என்னைவிட அவனுக்குச் சம்பளம் அதிகம், அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். இன்னொருவன் இன்றுவரை விடவில்லை. கடந்த ஜூலை 12ஆம் தேதி குரூப் 4 எழுதினான். வயது 51. மகளும் எழுதினாள், வேறு சென்டர். அறிவிப்பில் 3,935 இடம், போட்டவர்கள் 13 லட்சத்துக்கு மேல். எங்களைப் போல இட ஒதுக்கீட்டில் வருகிற பட்டதாரிகளுக்கு இந்தப் பரீட்சையில் 60 ஆகும்வரை கதவு திறந்தே இருக்கிறது. சலுகைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கதவு திறந்திருக்கிற வரை வாசலை விட்டு நகர அவனுக்கு மனசு வரவில்லை.

முதல் ஆளும் இரண்டாம் ஆளும் 2006 வரை ஒரே மாதிரிதான் இருந்தார்கள். ஒரே புத்தகம், ஒரே டீக்கடை. எவன் 'விடாமுயற்சி', எவன் 'பிடிவாதம்' என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன்.

23.9.2025

வயது வரம்பு என்றதும் ஞாபகம் வந்தது. அரசு ஊழியர் ஓய்வு வயது 58 என்று கல்வெட்டு மாதிரி இருந்தது. 2020 மே மாதம் 59, 2021 பிப்ரவரியில் 60. ஓய்வு பெற இருந்தவர் வீட்டில் பாயசம். அவர் நாற்காலி காலியாகும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த அடுத்தவர் வீட்டில் அன்றைக்கு என்ன சமையல் என்று தெரியவில்லை. முதல் உத்தரவு வந்தது கொரோனா ஊரடங்கில். 1986இல் அப்பா நோட்டில் 'வைரஸ்' என்று ஒரு காலம் போட்டிருக்க வேண்டும்.

5.10.2025

கேள்வி கேட்ட தம்பி தனிச் செய்தியில் எக்செல் அனுப்பியிருந்தார். சம்பளம், ஊர் எதையும் இங்கே சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும். 2050 வரை 26 வரிசை இருக்கிறது. அதில் 'அவர்கள் கொடுப்பார்கள்' என்பது 19: புரமோஷன், விசா, ஹைக். அவரே செய்வது 7. அந்த ஏழில் மூன்று வீட்டுக் கடன் தவணை.

குறை சொல்லவில்லை. எங்கள் அப்பா நோட்டும் அப்படித்தான். வேலை வரிகள் எல்லாம் அடுத்தவர் கையெழுத்துப் போட்டால் நடப்பவை. ஆர்.டி. வரி மட்டும் அவர் கையெழுத்திலேயே நடந்தது, அதுதான் நடந்தும் முடிந்தது. இது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது, 13ஆம் தேதி முக்கால்வாசி என்று சும்மா எழுதினேன்.

டைப்பும் அதே ஜாதிதான். குரூப் 4க்காகப் படித்தேன், குரூப் 4 கிடைக்கவில்லை, டைப் கையில் நின்றது. ஆனால் உடனே 'ஆக, திறமையை வளர்த்துக்கொள்ளுங்கள்' என்று யாரும் போஸ்டர் அடிக்க வேண்டாம். டைப் நின்றதற்குக் காரணம் கம்ப்யூட்டரிலும் அதே கீபோர்டை வைத்தார்கள். வேறு மாதிரி வைத்திருந்தால் போயிருக்கும். ஷார்ட்ஹேண்டை உயிரைக் கொடுத்துக் கற்ற என் கிளாஸ்மேட் இப்போது அதில் மளிகை லிஸ்ட் எழுதுகிறான், கடைக்காரனுக்குப் புரியவில்லை.

19.10.2025

தீபாவளிக்கு அக்கா வீட்டில் இருக்கிறேன். அவள் பள்ளியில் ஒரு டீச்சர், வயது 47, 2009இல் சேர்ந்தவர். செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, ஏற்கெனவே வேலையில் இருக்கிற ஆசிரியர்களும் 2 வருடத்துக்குள் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேற வேண்டும். ஓய்வுக்கு 5 வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு, அவர்களுக்கும் பதவி உயர்வு வேண்டுமென்றால் பரீட்சை உண்டு. அக்காவுக்கு 2028இல் ஓய்வு, தப்பித்தாள். அந்த டீச்சர் மாட்டிக்கொண்டார். சேர்ந்தபோது டெட் என்ற பரீட்சையே கிடையாது, தமிழ்நாட்டில் முதல் டெட்டே 2012இல்தான். அந்த முதல் தடவை எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை.

வேலை கிடைக்கும்வரைதான் திட்டம், கிடைத்துவிட்டால் நிம்மதி என்று தம்பியின் அப்பா நினைக்கிறார் இல்லையா? அவருக்காக எழுதினேன்.

அக்கா அந்த டீச்சருக்குத் தினமும் சாயங்காலம் உளவியல் பாடம் நடத்துகிறாள். வாய் சும்மா இருக்காது எனக்கு, 'நீயே எழுதலாமே' என்றேன். அதிரச மாவுக் கையோடு அடிக்க வந்தாள்.

15.11.2025

இன்று டெட் முதல் தாள். அக்காவே அந்த டீச்சரை சென்டர் வரை கொண்டுபோய் விட்டு, வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தாளாம். எப்படிப் போச்சு என்று கேட்டேன். 'கணக்கில் நேரம் போதலையாம். பாக்கி பரவால்லையாம்.'

இது இந்த இழைக்குச் சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும், ஆனாலும் எழுதிவிடுகிறேன். அவள் இருந்த மரத்தடியில் பாதிப் பேர் 40 தாண்டியவர்களின் வீட்டுக்காரர்கள், பிள்ளைகள். பள்ளிக்கூடம் முடிந்து அம்மாவைக் கூட்டிப்போக வந்த மாதிரி நின்றார்களாம்.

23.11.2025

இன்னொரு திருத்தம், இது பெரியது.

அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழுங்கு செய்யும்போது அந்த நோட்டுக் கிடைத்தது. இத்தனை நாளாக அது தொலைந்துவிட்டது என்றே நினைத்தேன். இங்கே எழுதியதெல்லாம் ஞாபகத்திலிருந்து. வருடம் 1986 சரி. அக்காவுக்கு 1992 சரி. ஆர்.டி. கணக்கு நான் நினைத்ததைவிட அதிகம், ஒரு பக்கம் முழுக்க.

என் பெயருக்கு எதிரே இருப்பது 28 இல்லை. 30. அடித்துத் திருத்திய அடையாளம் எதுவும் இல்லை. நீல மை, தெளிவாக, 30.

23 வருடமாக நான் 'அப்பா வைத்த கெடு' என்று எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே தம்பிக்கும் பெருமையாகச் சொன்னேன். 2002இல் நடந்தது இப்போது வேறு மாதிரி ஞாபகம் வருகிறது. தடை போட்டு சில மாதம் ஆகியிருந்தது. பெட்டிக்கடையில் ஒருவர் 'இன்னும் எழுதிக்கிட்டு இருக்கியா' என்றார். கிண்டல்கூட இல்லை, சும்மா கேட்டார். மறுநாள் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய்விட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் 2 வருடம் இருக்கிறதே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது, தடை அப்போதும் இருந்தது, 30 ஆகும்போதும் இருந்திருக்கும்.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். 'அப்பாவுக்குத் தெரியும்டா, நோட்டை எடுத்துப் பரணில் போட்டது அந்த வாரந்தான்' என்றாள்.

தம்பி, உங்கள் எக்செல்லைத் திரும்பப் பார்த்தேன். 2031 வரிசையில் வீடு என்று இருக்கிறது, கைவசம் வைக்க வேண்டிய முன்பணத்தைக் கூட்டலில் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள், இரண்டு லட்சம் குறைகிறது. அதை மட்டும் சரி செய்துவிடுங்கள்.